அப்பாயி வீட்டு டிவியில் மரியோ

போனில் ஓடும் மரியோவுக்கு எப்போதும் அவசரம். அதே தொப்பி, அதே மீசை, அதே பாட்டு. ஆனால் முதல் பள்ளத்தைத் தாண்டுவதற்குள் என் கட்டைவிரல் பின்தங்கிவிடும். வயசு ஏறினால் கை மந்தமாகிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஏனென்றால் பாட்டும் வேகமாகத்தான் கேட்டது. சுருதி மாறவில்லை, தாளம் மட்டும் முந்திக்கொண்டு போனது.

காரணம் டிவியில் இருக்கிறது. அமெரிக்காவின் 60 சுற்று மின்சாரத்தை ஒட்டி வகுக்கப்பட்ட டிவி முறையை ஜப்பானும் எடுத்துக்கொண்டது. 1983 ஜூலையில் நின்டெண்டோ நிறுவனம் அங்கே வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டி, அதனால் நொடிக்கு 60 படம் வரையும். நம் மின்சாரம் 50 சுற்று; நம் பழைய டிவிகளும் நொடிக்கு 50 படம் காட்டுபவை. நம்மிடம் வந்து சேர்ந்த நகல் பெட்டிகள் அந்த 50-க்குத் தகுந்தபடி செய்யப்பட்டவை. விளையாட்டோ ஒவ்வொரு படமாக எண்ணித்தான் நகரும். நொடிக்குப் பத்துப் படம் குறைந்தால் மரியோவின் ஓட்டம், ஆமையின் நடை, பாட்டின் தாளம் எல்லாமே ஆறில் ஒரு பங்கு நிதானப்பட்டுவிடும். போனில் ஓடுவது ஜப்பான்காரர்களும் அமெரிக்கர்களும் ஆடிய மரியோ. அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊரான கீழப்பழுவூரில் நாங்கள் ஆடியது நிதானமான மரியோ.

அந்த மரியோ எங்கள் வீட்டுக்கு வர ஒரு தேர்தல் வாக்குறுதி தேவைப்பட்டது. 2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. குடும்ப அட்டைக்கு ஒரு 14 அங்குல கலர் டிவி. 2011 வரைக்கும் ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். 2007 நவம்பரில் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அந்தக் காலத்தையொட்டித்தான் எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கும் டிவி வந்தது. அப்பாயிக்குத் தனி அட்டை இருந்ததால் அப்பாயி வீட்டுக்கும் ஒன்று வந்து இறங்கியது. எங்கள் வீட்டு டிவியில் அம்மாவுக்குச் சீரியல், அப்பாவுக்குச் செய்தி. அப்பாயியோ படம் பார்ப்பதில் அவ்வளவு நாட்டம் இல்லாதவர். ஆறு மணிக்கு ஆலந்துறையார் கோயிலுக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஆக, யாரும் பார்க்காத ஒரு கலர் டிவி, அதுவும் பின்புறம் ஏவி ஓட்டை வைத்த டிவி, நடு வீட்டில் சும்மா இருந்தது.

அதற்கு முன் வீடியோ கேம் ஆட வேண்டுமென்றால் காசு கொடுத்துத்தான் ஆட முடியும். நாலு ரோட்டுப் பக்கம் ஒரு அண்ணன் கடையின் பின்னறையில் இரண்டு டிவி வைத்து மணிக் கணக்கில் ஆட விடுவார். பெரிய பையன்கள் பிடித்துக்கொண்டால் எங்களுக்குப் பார்க்க மட்டும்தான் இடம். அக்காவுக்கு அதுவும் கிடையாது. பெண் பிள்ளைகள் யாரும் அந்த அறைக்குப் போனதில்லை. வீட்டில் வைத்து ஆடுவது என்ற ஒன்று வந்திராவிட்டால் என் அக்கா கையில் ஒரு நாளும் ரிமோட் வந்திருக்காது. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் பற்றி எழுதுவது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

பெட்டியை வாங்கிக் கொடுத்தது மாமா. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு லீவு நாளில் என்னையும் அக்காவையும் திருச்சிக்கு அழைத்துப் போனார். கல்லக்குடி வழியாகப் போய் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தெப்பக்குளம், என்.எஸ்.பி. ரோடு என்று கூட்டத்தில் நடந்து சிங்காரத்தோப்புக்குப் போனோம். கடைக்காரர் எடுத்துக் காட்டிய பெட்டி பிளேஸ்டேஷன் வடிவத்தில் இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே வட்டத் தட்டு போடுகிற இடம் இல்லை, கேசட் சொருகுகிற வாய் இருந்தது. இரண்டு ரிமோட், ஒரு கருப்புத் துப்பாக்கி, ஒரு அடாப்டர், மஞ்சள் கேசட் ஒன்று. அட்டையில் 99999 விளையாட்டு என்று அச்சடித்திருந்தது. “இத்தனையும் ஆடி முடிக்கறதுக்குள்ள உனக்குக் கல்யாணமே ஆயிடும் மாப்ள” என்றார் மாமா. கான்ட்ரா தனிக் கேசட்டாகத்தான் வரும் என்று தெரிந்து வைத்திருந்த அக்கா, அதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த 99999-இல் உண்மையில் இருந்தவை கொஞ்சம்தான். அவையே வேறு வேறு பெயரில், வேறு வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கும்படி திரும்பத் திரும்ப வரும். எங்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. மரியோ, டேங்க், சர்க்கஸ், கார் ரேஸ், பைக், வாத்து சுடுவது. இவை போதும். பின்னாளில்தான் இவற்றின் சொந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டேன். டேங்க் என்பது நாம்கோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி. கார் ரேஸ் கொனாமியின் ரோடு ஃபைட்டர். ஆடியபோது எங்களுக்குக் கம்பெனி பெயரும் தெரியாது, நின்டெண்டோ என்ற பெயரும் தெரியாது. பெட்டியில் இருந்தது நின்டெண்டோவின் சில்லும் அல்ல. தைவான், சீனா, ஹாங்காங் பக்கத்து நிறுவனங்கள் ஃபேமிகாமின் உள்வேலையைப் பார்த்து நகலெடுத்தன. முதலில் தனித்தனிச் சில்லுகளாக இருந்ததை எல்லாம் ஒரே சில்லில் அடக்கி, மேலே ஒரு கருப்புப் பிசின் சொட்டை விட்டு மூடினார்கள். அதனால்தான் மாமாவின் சம்பளத்துக்கு எட்டும் விலையில் அது கிடைத்தது. ரஷ்யாவில் 1992 முதல் டென்டி என்ற பெயரில் விற்றதும் இதே குடும்பத்து நகல்தான். இந்தியாவில் லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் விற்றிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெட்டிக்குப் பெயரே கிடையாது.

கேசட் வேலை செய்யாவிட்டால் எடுத்து ஊதுவோம். ஊரெல்லாம் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். ஊதுவதால் எச்சில் ஈரம் பட்டுச் செம்பு முனைகள் கறுத்துத்தான் போகும். எடுத்து மறுபடி சொருகும்போது முனைகள் புதிதாக உராய்வதால்தான் படம் வருகிறது. பள்ளிக்கூட அழிரப்பரால் முனைகளைத் தேய்ப்பது சரியான வைத்தியம். அதை எங்களுக்குக் காட்டியவர் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த தெருக்கோடித் தாத்தா.

ஆட்டம் என்றால் இருவர் ஆட்டம்தான். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து லைஃப் எண்ணுவார்கள். கான்ட்ராவின் மூன்றாவது ஸ்டேஜில் அருவியோரம் மேலே மேலே ஏற வேண்டும். முதலில் ஏறுகிறவர் உயர உயரத் திரையும் மேலே நகரும். கீழே தங்கிவிட்ட கூட்டாளி திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவார். எதிரிகள் கொன்றதைவிட அக்கா அந்த அருவியில் என்னைக் கொன்றது அதிகம். “ஏறுடான்னா ஏற மாட்டேங்கற, நா என்ன பண்ணட்டும்?” என்பாள். இரண்டு பேரும் ஒரே படியில் நின்று, “இப்ப” என்று சொல்லி, சேர்ந்து தாவினால்தான் அந்த ஸ்டேஜ் முடியும். அந்த விளையாட்டை வடிவமைத்தவர்கள் இதற்காகவே அந்த அருவியை வைத்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

முப்பது லைஃப் தரும் மந்திரத்தை அக்கா பள்ளிக்கூடத்தில் ஒரு தோழியிடம் கற்றுக்கொண்டு வந்தாள். மேல மேல, கீழ கீழ, இடம் வலம், இடம் வலம், பி, ஏ. கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986-இல் கிரேடியஸ் என்ற விளையாட்டைச் சோதிக்கும்போது அது தனக்கே கடினமாக இருந்ததால் போட்டு வைத்த குறுக்குவழி அது. அவர் 2020-இல் இறந்தபோது உலகம் முழுக்கச் செய்தி வந்தது. நான் அதைப் படித்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். எங்கள் தெருவில் அப்போது இன்டர்நெட் உள்ள வீடே கிடையாது. ஜப்பானில் ஒரு மேசையில் பிறந்த வரிசை, வாய்வழியாகவே பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் வரை ஒரு பொத்தான்கூட மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு வியப்புத்தான்.

டேங்க் விளையாட்டில் நம் இஷ்டத்துக்கு மைதானம் வரைந்துகொள்ள ஒரு வசதி உண்டு. குறுக்கே 13, நெடுக்கே 13 கட்டம். செங்கல், இரும்பு, தண்ணீர், மரம், பனி என்று ஐந்து சரக்கு. அக்கா அதில் எங்கள் ஊரை வரைந்தாள். திருச்சி–சிதம்பரம் ரோடும் அரியலூர்–தஞ்சாவூர் ரோடும் வெட்டிக்கொள்ளும் நாலு ரோட்டை வெற்றிடமாக விட்டாள். வீடுகளுக்குச் செங்கல். சிமெண்ட் ஆலைக்கு இரும்பு, ஏனென்றால் இரும்பைச் சாதாரணக் குண்டு துளைக்காது. ஏரிக்குத் தண்ணீர். ஏரிக்கரைக் கருவேலங்காட்டுக்கு மரம். டேங்க் அதற்குள் போனால் மறைந்துவிடும். கடைசி வரிசையின் நடுவில் நாம் காக்க வேண்டிய கழுகு இருக்கும். அதுதான் அப்பாயி வீடு. எதிரி டேங்குகள் திரையின் மேல் ஓரத்திலிருந்துதான் வரும். அது அரியலூர்ப் பக்கம். பொன்னியின் செல்வன் வாசகர்களுக்கு எங்கள் ஊர் பழுவேட்டரையர் ஊர். எங்களுக்கு அந்த வயதில் அது டேங்க் ஊர். அப்பாயியைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, “நம்ம வாசல்ல முருங்க மரம் இருக்குல்ல, அதக் காணுமே” என்றார். அக்கா ஒரு மரம் சேர்த்தாள்.

அந்த ஊர் அன்று மாலை வரைக்கும் இருந்தது. அப்புறம் கரண்ட் போனது. பெட்டியின் தற்காலிக நினைவகம் வெறும் 2 கிலோபைட். மின்சாரம் போன நொடியில் அதுவும் காலி. எங்கள் கேசட்டில் எதையும் சேமித்து வைக்க வழியில்லை. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தை ஊர்ப்பக்கம் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2012-இல் பகலில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. எட்டாவது உலகம் வரை போன மரியோவை பாஸில் நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அறை இருட்டாக இருக்கும். ஆகவே கரண்ட் வரும் நேரத்தை ஒட்டி ஆட்டத்தை வகுத்துக்கொண்டோம். இரண்டு மணி நேரம் இருந்தால் கான்ட்ரா. ஒரு மணி நேரம்தான் என்றால் குறுக்குக் குழாய் வழியாக நாலாம் உலகத்துக்கும், அங்கிருந்து எட்டாம் உலகத்துக்கும் தாவி விடுவோம். அதைவிடக் குறைவு என்றால் சர்க்கஸ்.

அப்பாயி வீட்டில் தங்கும் இரவுகளில் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஆடுவேன். அப்பாயி பக்கத்திலேயே பாயில் தூங்குவார். அவருக்கு எதுவும் கேட்காது. ஆனால் அடுத்த அறையிலிருந்து அக்கா சொல்லிவிடுவாள், “டேய், டிவிய நிறுத்து.” கதவு மூடியிருக்கும், வெளிச்சம் தெரிய வழியில்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்பது எனக்கு வெகுகாலம் புதிராக இருந்தது. கண்ணாடிக் குழாய் டிவியில் எலக்ட்ரான் கற்றை நொடிக்கு 15,625 கோடு இழுக்கும். அதை இழுக்க வைக்கும் சுருள் அதே வேகத்தில் அதிர்ந்து, ஊசி போன்ற மெல்லிய கீச்சொலி எழுப்பும். பிள்ளைகளுக்கு அது தெளிவாகக் கேட்கும். வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது அந்த உயரத்து ஒலிகளைத்தான். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கேட்காத ஒரு சத்தத்தில்தான் எங்கள் விளையாட்டே நடந்தது.

அப்புறம் லேப்டாப் வந்தது. 2011-இல் ஆட்சி மாறி, பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு லேப்டாப். அக்காவுக்குக் கிடைத்ததில் பென் டிரைவ் வழியாக முஸ்தபா வந்து சேர்ந்தது. கேப்காம் 1993-இல் காசு போட்டு ஆடும் எந்திரங்களுக்காகச் செய்த டைனோசர் விளையாட்டு அது. அதில் வரும் நால்வரில் ஒருவர் பெயரையே நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாட்டுக்கு வைத்துவிட்டார்கள். டிவி பெட்டி பரணுக்குப் போனது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேப்டாப் ஒருவர் மடியில் இருக்கும். மற்றவர் எட்டிப் பார்க்க வேண்டும்.

அக்கா மகனுக்கு இப்போது நாங்கள் ஆடிய வயது. போன கோடை லீவில் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து, வீட்டு எல்.இ.டி. டிவியில் மாட்டினேன். படம் வந்தது. வந்தும் சரியில்லை. அடிபட்ட மரியோ மினுக்கிக்கொண்டு தெரிய வேண்டும். சில நேரம் ஆளையே காணோம். மினுக்கல் இன்னொரு காரணத்தாலும் வரும். ஃபேமிகாமால் ஒரே கோட்டில் எட்டு உருவத் துண்டுக்கு மேல் வரைய முடியாது. அதற்கு மேல் வந்தால் விளையாட்டு மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கும். பழைய திரையில் அது வெறும் மினுக்கல். புது டிவி இரண்டிரண்டு படத்தைக் கலந்து ஒன்றாக்கப் பார்ப்பதால் உருவங்கள் காணாமல் போகின்றன. துப்பாக்கியோ சுத்தமாக வேலை செய்யவில்லை. பையன் வாத்தின் மேல் முனையை ஒட்டி வைத்துச் சுட்டும் விளையாட்டில் வரும் நாய் எழுந்து சிரித்தது. “மாமா, துப்பாக்கி செத்துப்போச்சு” என்றான்.

துப்பாக்கி சாகவில்லை. அது எதையும் சுடுவதில்லை, பார்க்கத்தான் செய்கிறது. விசையை அழுத்தியதும் விளையாட்டு ஒரு கணம் திரை முழுவதையும் கருப்பாக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரையும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளி உணரிக்கு அந்த வெள்ளை பட்டால் வாத்து விழும். கண்ணாடிக் குழாயில் சமிக்ஞை வந்த மாத்திரத்தில் ஒளி வரும். எல்.இ.டி. டிவி படத்தை வாங்கி, சரிசெய்து, பெரிதாக்கி, அப்புறம்தான் காட்டும். அதற்குள் துப்பாக்கி பார்க்க வேண்டிய கணம் கடந்துவிடும். பையனுக்கு இதைச் சொன்னேன். “அப்ப பழைய டிவி வாங்கிட்டு வாங்க” என்றான்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. அப்பாயி காலமான பிறகு அந்த டிவியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். தெருவில் விசாரித்தால் எல்லா வீட்டிலும் அதே கதை. கழுத்தை உடைத்துச் சுருளில் உள்ள செம்பை எடுத்துக்கொண்டு, ஈயம் கலந்த கண்ணாடியைக் குப்பை மேட்டில் கொட்டிவிடுகிறார்கள். மண்ணுக்கும் கேடு. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகம் 2015-இல் வீடியோ கேம்களுக்கு ஒரு புகழ் மண்டபம் ஏற்படுத்தியபோது, முதல் வரிசையிலேயே சூப்பர் மரியோவைச் சேர்த்தது. மகிழ்ச்சிதான். ஆனால் மரியோவின் நிரல் முழுவதும் 40 கிலோபைட். அது எங்கும் அழியாது. போனில் இருக்கும் எமுலேட்டரில் டென்டி என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் எங்கள் ஊர்த் தாளம்கூடத் திரும்ப வந்துவிடுகிறது. நான் செய்து பார்த்தேன், கட்டைவிரல் பள்ளத்தைச் சரியாகத் தாண்டியது. திரும்ப வராதது கண்ணாடிக் குழாய்தான். டிவிக்காகப் புதிதாக அதைச் செய்து விற்பவர் இன்று அநேகமாக யாரும் இல்லை. ஒன்றரைக் கோடி டிவியை வீடு வீடாகக் கொண்டு சேர்த்த மாநிலத்தில், ஊருக்கு ஒன்றையாவது ஓடுகிற நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையே என்பது என் ஆதங்கம்.

கடைசியில் திருமானூரில் சித்தி வீட்டு மாடியறையில் ஒன்று கிடைத்தது. அதே 14 அங்குலம், மேலே கோழித் தீவனச் சாக்கு. சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிந்தது, படம் இல்லை. அரியலூரில் இன்னும் பழைய டிவி பார்க்கிற மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பின்மூடியைக் கழற்றும்போது என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். சுவிட்சை நிறுத்தி வெகுநேரம் ஆன பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். வயரால் அதை இறக்கிவிட்டுப் பார்த்தார். “பிக்சர் டியூப் நல்லாருக்கு தம்பி, கண்டென்சர்தான் ஊதிக் கெடக்கு. இருபது ரூவா சாமான்.” பற்றவைத்து மாட்டியதும் திரை நடுவில் கோடு விழுந்து விரிந்தது.

அன்றைக்கே ஊருக்குக் கொண்டுவந்து பெட்டியை மாட்டினோம். பையன் காதைப் பொத்திக்கொண்டு, “என்னம்மா இது, கீய்னு கத்துது” என்றான். அக்கா டிவியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றாள். வாத்து முதல் சுடுதலிலேயே விழுந்தது. அப்புறம் கான்ட்ரா. அருவியில் அக்கா பழையபடி விறுவிறுவென்று ஏற, பையன் கீழேயே செத்தான். “ஏம்மா, நில்லும்மா!” என்று கத்தினான். மறு ஆட்டத்தில், “இப்ப” என்று அவனே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

அதே மாதிரி இன்னொரு டிவி கிடைத்தால் உதிரிக்கு எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார் மெக்கானிக். ஏலாக்குறிச்சியில் பெரியம்மா வீட்டில் ஒன்று இருக்கிறதாம், எலி கூடு கட்டியிருக்கிறதாம். பொங்கலுக்குள் யாருக்கும் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாமாவுக்கு இப்போது சொந்தமாகச் சின்ன யானை வண்டி இருக்கிறது. “போலாம் மாப்ள, தார்ப்பாய் மட்டும் எடுத்துக்க” என்றிருக்கிறார்.